வெள்ளியால் நரம்புலகு கண்ட கஹால்

நுணுக்குக்காட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் வில்லையின் பெருமையையே பேசுவது உலக வழக்கு. வில்லை எத்துணைச் சிறந்ததாயினும், அதன்கீழ் வைக்கும் பொருள் தக்கவாறு பதஞ்செய்யப்படாவிடின் ஆங்குக் காணத்தக்கது யாதுமில்லை. உயிர்களின் இழையம் பெரும்பாலும் நீர் நிறைந்தது, நிறமற்றது, தொட்டாற் குழையும் மென்மையது. அதனை இறுக்கி, மெல்லிதாகச் சீவி, நிறமூட்டிக் கண்ணுக்குப் புலனாக்குந் தொழில் தனியொரு கலையாகும். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபின் அக்கலை மேலும் வளர்ந்தது. இழையத்தைக் கணப்பொழுதில் உறையச் செய்து, வெற்றிடத்தினுள் உடைத்து, உடைந்த முகத்தின்மேல் உலோகம் படியவிட்டு அச்செடுக்கும் முறையொன்று 1957 ஆம் ஆண்டிலே தோன்றியது. உறைத்துடைத்தல் என அதனைத் தமிழிற் கூறலாம். அம்முறை சான்று பகர்ந்த வழக்குகளுள் ஒன்று, அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு முன்னரே, ஸ்பெயின் தேசத்தில் தம் வீட்டில் ஆய்வறை அமைத்துழைத்த ஓர் ஆசிரியரால் தொடுக்கப்பட்டது. நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வலையாக உள்ளனவா, அன்றித் தனித்தனிக் கலங்களாக நின்று ஒன்றையொன்று அணுகுவனவா என்பதே அவ்வழக்கு. தொடுத்தவர் பெயர் சந்தியாகோ இரமோன் இ கஹால்.

தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு நரம்புக்கலங்களோடு யாது உறவென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். கஹால் தம் ஆராய்ச்சிகளைத் தம் தாய்மொழியிலேயே முதலில் எழுதி வெளியிட்டார்; அதனால் வந்த இடரையும் ஏற்றார். அவர் நூல்களின் நடைச்சிறப்பை மதித்து ஸ்பானிய மொழிக்கழகம் 1905 இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அவர்பால் ஈடுபாடு உண்டாவதற்கு அஃதொன்றே போதியதாயிற்று.

வடகிழக்கு ஸ்பெயினில், மலைகள் சூழ்ந்த பெத்தீயா என்னுஞ் சிற்றூரில், 1852 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆந் திகதி அவர் பிறந்தார். அந்நாட்டு வழக்கப்படி தந்தையின் குடிப்பெயர் இரமோன் என்பதும், தாயின் குடிப்பெயர் கஹால் என்பதும் அவர் பெயரோடு சேர்ந்து நின்றன. உலகம் அவரைத் தாயின் குடிப்பெயராலேயே அழைக்கின்றது. தந்தையார் ஹூஸ்தோ வறிய உழவர் குடியிற் பிறந்தவர். சத்திர வைத்தியன் ஒருவனிடம் ஏவல் செய்திருந்து, தாமே முயன்று கற்று, வைத்தியப் பட்டமும் பெற்றவர். அத்தகையோர் தம் மைந்தர்க்கு விளையாட்டை மன்னிப்பதரிது. இளமைந்தனுக்கோ படம் வரைவதைவிட வேறொன்றிலும் நாட்டமில்லை. சுவரிலும் கதவிலும் கரித்துண்டாற் கீறுவான். கையிற் கிடைத்த காசையெல்லாம் தாளுக்கும் வண்ணத்துக்குஞ் செலவிடுவான்.

மைந்தனின் திறமையைச் சோதிக்கத் தந்தையார் கண்ட வழி வேடிக்கையானது. கோயிற் சுவருக்குச் சுண்ணம் பூச வந்த ஒருவனை ஓவிய விற்பன்னனாக மதித்து, மைந்தன் வரைந்த திருத்தொண்டர் படமொன்றை அவனிடங் காட்டினார். அவன் அதைப் பார்த்து, இப்பிள்ளைக்கு ஓவியம் வாராதென்று தீர்ப்பளித்து விட்டான். அன்றுமுதல் வண்ணமும் தூரிகையும் வீட்டில் விலக்கப்பட்டன. பின்னாளில் நரம்புலகின் தலைசிறந்த ஓவியராக மதிக்கப்பட்டவரின் முதற் பரீட்சை முடிவு இதுவாகும்.

பள்ளிப் படிப்பும் இனிதே நடைபெறவில்லை. ஹாக்கா நகரில் துறவியர் நடத்திய பள்ளியில் இலத்தீன் இலக்கணத்தை மனனஞ் செய்யாமைக்காகப் பிரம்படியும், அறையிலடைத்துப் பட்டினி போடுதலும் அவருக்கு நாளாந்த நிகழ்ச்சிகளாயின. தந்தையார் சினந்து அவரை நாவிதன் ஒருவனிடமும், பின்பு செருப்புத் தைப்பவன் ஒருவனிடமும் தொழில் பயில விட்டார். பதினோராம் வயதளவில் மரக்கட்டையைக் குடைந்து பீரங்கியொன்று செய்து, அயலவரின் புதிய வாயிற் கதவைச் சிதைத்ததற்காகச் சில நாள் சிறையிலிருந்ததும் உண்டு. ஆயினும் இச்சிறுவனின் கண் எதையும் வீணே விட்டதில்லை. 1860 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் சூரிய கிரகணம் முன்னரே கணித்துச் சொன்ன வேளையிலே நிகழ்ந்தபோது, மனித அறிவு இயற்கையின் போக்கை முன்கூட்டியே சொல்லவல்லது என்பது அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தந்தையும் மைந்தனும் மனம் ஒன்றியது ஓர் இடுகாட்டிலேயாம். 1868 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், உடற்கூற்றியல் கற்பிக்கக் கருதிய தந்தையார் மைந்தனை அழைத்துச் சென்று, கைவிடப்பட்ட இடுகாடொன்றில் வெளிப்பட்டுக் கிடந்த எலும்புகளைத் திரட்டினார். அவற்றை வீட்டிற் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேடும் பள்ளமும் துளையும் இன்னவென விளக்கினார். மைந்தன் அவற்றை அப்படியே வரைந்து காட்டினான். வெறுக்கப்பட்ட ஓவியத்திறன் வைத்தியத்திற்கு உதவுவதைக் கண்டதும் தந்தையாரின் சினம் தணிந்தது. பின்னர் சரகோசா நகரில் இருவரும் ஒரே மேசையிற் பிணங்களை அறுத்து ஆராய்ந்தனர்.

1873 இல் வைத்தியப் பட்டம் பெற்ற கஹால் உடனே படைக்கு அழைக்கப்பட்டு, மறுவருடம் இராணுவ வைத்தியராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். சேறுஞ் சதுப்பும் சூழ்ந்த பாசறை வைத்தியசாலையில், நோயாளருக்கு மருந்து கொடுத்தவர் தாமும் மலேரியாவாலும் வயிற்றுளைச்சலாலும் பீடிக்கப்பட்டு, 1875 இல் எலும்புந்தோலுமாய் நாடு திரும்பினார். 1877 இற் கலாநிதிப் பட்டத்தின் பொருட்டு மட்றிட் சென்றவிடத்து நுணுக்குக்காட்டியிற் பதஞ்செய்த இழையங்களை முதன்முறையாக நன்கு காணும் வாய்ப்புக் கிட்டியது. விலையைத் தவணைகளாகச் செலுத்தித் தமக்கென நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கினார். மறுவருடம் வாயால் இரத்தங் கக்கினார். காசநோய் அவரைப் பற்றியிருந்தது. மலைப்புறத்தில் ஓய்வெடுத்துத் தேறிய நாட்களில் அவர் ஒளிப்படக்கலையில் மூழ்கியிருந்தார். ஒளிபட்டாற் கருகும் வெள்ளியுப்புக்களைக் கொண்டு தாமே தகடுகள் செய்தார். வெள்ளியின் குணங்களை அவர் விரல்கள் அறியத் தொடங்கியது அப்பொழுதுதான்.

1879 இற் சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். குறைந்த வருவாயிற் பெருங்குடும்பத்தை நடத்தி, கணவர் செலவிட்ட இரசாயனப் பொருள்களுக்கும் அச்சுக்கூலிக்கும் இடம் விட்டுக்கொடுத்த அவ்வம்மையாரைப் பற்றி வரலாற்றாசிரியர் ஓரிரு வரிகளே எழுதுகின்றனர். பல வரிகள் எழுதற்குரியவர் அவர். வலென்சியாச் சர்வகலாசாலையில் உடற்கூற்றியற் பேராசிரியராகத் தேர்ந்து 1884 இல் ஆங்கு குடியேறிய கஹால், மறுவருடம் அந்நகரை வாட்டிய வாந்திபேதி நோயைப் பற்றி ஆராய்ந்து சரகோசா மாகாண சபைக்கு அறிக்கை சமர்ப்பித்தார். நன்றிக்கு அறிகுறியாக அச்சபை அவருக்கு ஜேர்மனியிற் செய்த உயர்ந்த சைஸ் நுணுக்குக்காட்டியொன்றைப் பரிசாக அளித்தது. இப்பொழுது நல்ல வில்லை கிடைத்துவிட்டது. அதன்கீழ் எதை, எவ்வாறு பதஞ்செய்து வைப்பது என்பதே எஞ்சியிருந்தது.

அக்காலத்து நரம்பாராய்ச்சியின் நிலையை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். மூளையில் ஒரு கடுகளவு இடத்திலே எண்ணிறந்த நரம்புக்கலங்கள் நெருங்கியுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட நாரையும் பல கிளைகளையும் விரித்து, அயலிலுள்ளவற்றோடு பின்னிக் கிடக்கின்றது. எல்லாவற்றையும் ஒருசேர நிறமூட்டினால், ஆடி மாதத்து ஈச்சம்பற்றையை இரவில் நோக்கியது போல யாதும் வேறுபிரித்து அறிய முடியாது. நிறமூட்டாவிடிலோ ஒன்றுந் தெரியாது. ஆகவே, இந்நார்கள் யாவும் தம்முள் ஒட்டி ஓர் இடையறா வலையாக அமைந்துள்ளன என ஜேர்மனியிற் கேர்லக் முதலானோர் கருதினர். கண்ட மயக்கத்தையே அவர்கள் கொள்கையாக்கினர் எனினும் பொருந்தும்.

இத்தாலியில் அப்பியாத்தெகிராசோ என்னும் ஊரில், தீரா நோயாளருக்கான வைத்தியசாலையொன்றிற் பணிபுரிந்த கமில்லோ கொல்கி என்பார், அங்கிருந்த சமையலறையை ஆய்வறையாக்கி, 1873 இற் புதுமுறையொன்றைக் கண்டறிந்தார். மூளைத்துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் நெடுநாள் ஊறவிட்டு இறுக்கி, பின்பு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டார். கலத்தினுள்ளே வெள்ளிக் குரோமேற்று வீழ்படிவாகி அதனை முழுவதும் கருநிறமாக்கியது. வியப்பென்னவெனின், நூற்றுக்கணக்கான கலங்களுள் ஒரு சிலவே இவ்வாறு கருகும். மற்றையவை மஞ்சட் பின்னணியிற் கண்ணாடி போல் மறைந்துவிடும். கருகிய கலமோ தன் கடைசிக் கிளைநுனி வரையில், தாளில் மையாற் கீறியது போலத் தெளிந்து நிற்கும். பற்றையிலே ஒரு செடியை மட்டும் விளக்கேற்றிக் காட்டியது போன்றது இச்செயல். ஆயினும் கொல்கி, வலை என்ற பழங்கொள்கையை விட்டாரல்லர். கிளைகள் ஒட்டவில்லை, நீண்ட நார்களே ஒட்டி வலையாகின்றன என அதனைத் திருத்தினார். நம் மாணவர் உயிரியற் பாடத்திற் கற்கும் கொல்கி உபகரணத்தை 1898 இற் கண்டவரும் இவரே. சிறியார் என எவரும் அவரை எண்ணிவிடலாகாது.

இம்முறை நம்பத்தகாதது என்று பலரும் கைவிட்டனர். ஒருநாள் கருகும், பத்து நாள் கருகாது. 1887 இல் மட்றிட் நகருக்குச் சென்றிருந்த கஹால், பாரிசிலிருந்து மீண்டிருந்த சிமாறோ என்னும் வைத்தியரின் இல்லத்தில் இவ்வாறு பதஞ்செய்த மூளைச்சீவல்களைக் கண்டார். அன்று கண்ட காட்சி அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. அவ்வாண்டிலேயே பார்சலோனாச் சர்வகலாசாலைக்கு மாற்றம் பெற்றுச் சென்றவர், வேறெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அம்முறையைத் திருத்துவதிலே முனைந்தார்.

அவர் செய்த திருத்தங்கள் மூன்று நான்கே. ஆயினும் ஒவ்வொன்றும் நுட்பமானது. நெடுநாள் ஊறவிடுவதற்குப் பதிலாக ஒசுமிக்கமிலங் கலந்த இருகுரோமேற்றிற் சில நாள் மட்டும் வைத்து வெள்ளியில் இட்டார். பின்பு அதே துண்டை மீண்டும் முதற் கரைசலுக்கும் வெள்ளிக்கும் மாற்றி இருமுறை கருகச் செய்தார். இதனாற் கைவிட்ட பல துண்டுகள் பயன்தந்தன. சீவல்களைத் தடித்தனவாக வெட்டினார். மெல்லிய சீவலில் நார் பாதிவழியில் அறுந்துபோம். தடித்த சீவலில் அதனைத் தொடர்ந்து செல்லலாம். யாவற்றினும் தலையாயது அவர் தேர்ந்துகொண்ட பொருள். முதிர்ந்த விலங்கின் நரம்பு நாரைக் கொழுப்புறையொன்று போர்த்தியிருப்பதால் வெள்ளி உட்புகுவதரிது. ஆகவே அவர் முட்டைக்குள் வளரும் பறவைக் குஞ்சுகளையும், பிறந்த சில நாட்களேயான பாலூட்டிகளையும் நாடினார். ஆங்கு உறை இன்னும் தோன்றியிராது, கலங்கள் சிறியன, நார்கள் குறுகியன, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீவலிற் காணலாம். வளர்ந்த காட்டில் வழியறியாதவன் அதன் நாற்றுமேடைக்குச் சென்று மரங்களின் இயல்பை அறிந்துகொண்டது போன்றது இது.

1888 ஆம் ஆண்டிற் பறவைகளின் சிறுமூளையில் அவர் தேடியது கிடைத்தது. பேர்கிஞ்சிக் கலங்கள் எனப்படும் பெருங்கலங்களைச் சூழ, வேறு கலங்களின் நார்நுனிகள் கூடை பின்னியது போலச் சுற்றிக் கிடந்தன. சுற்றின; நெருங்கின; ஆயினும் உட்புகுந்து ஒட்டவில்லை. ஒவ்வொரு நாரும் நுனியிற் சுதந்திரமாகவே முடிந்தது. விழித்திரையிலும் முண்ணாணிலும் அவர் கண்டது இதுவே. நரம்பு மண்டலம் தனித்தனிக் கலங்களாலானது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செய்தி செல்வது ஒட்டினாலன்று, அணுக்கத்தினால் என அவர் துணிந்தார்.

அதே கட்டுரையில் மற்றுமொரு செய்தியையுங் குறித்தார். பேர்கிஞ்சிக் கலத்தின் கிளைகளிலே ரோசாச் செடியின் முட்கள் போன்ற நுண்புடைப்புக்கள் உள்ளன என்றார். அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. வெள்ளி படிந்த அழுக்கையே உறுப்பென மயங்கினார் என்றனர். பதஞ்செய்யும் முறை தானே உண்டாக்கிய பொய்த்தோற்றமா, அன்றி உயிரில் உள்ள மெய்யுருவா என்ற இவ்வினா, இழையங்களைப் பதஞ்செய்வோர் அனைவரையும் இன்றுவரை துரத்துவது. கஹால் அதற்கு வாதத்தால் விடைதரவில்லை. முற்றிலும் வேறான மெதிலின் நீலச் சாயத்தைக் கையாண்டு, 1896 இல் அதே முட்களை மீண்டுங் காட்டினார்.

இக்கண்டுபிடிப்புக்களை வெளியிடப் பத்திரிகை இல்லாமையால் தம் செலவிலேயே ஒரு காலாண்டுச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1888 மே மாதத்து முதலிதழ் அறுபது பிரதிகளே அச்சாயிற்று. அவற்றைப் பிறநாட்டு அறிஞருக்கு அனுப்பினார். அவருள் ஸ்பானிய மொழி அறிந்தோர் அரியர். ஆதலாற் பெரும்பாலும் மௌனமே விடையாயிற்று. தாய்மொழியில் எழுதியதற்கு அவர் கொடுத்த விலை அது. எழுதாமல் விடவும் இல்லை. வீம்பு பேசிக்கொண்டு இருக்கவும் இல்லை. கட்டுரைகளைப் பிரெஞ்சு மொழியிலும் ஆக்கி அனுப்பினார். அதன்மேல், 1889 ஒற்றோபரிற் பேர்லின் நகரில் நடைபெற்ற ஜேர்மானிய உடற்கூற்றியலாளர் மாநாட்டிற்குத் தம் சேமிப்பைச் செலவிட்டுத் தாமே புறப்பட்டார்.

கையிலே நுணுக்குக்காட்டியும், பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகளும். மண்டபத்திலே தகடுகளை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு, திக்கித்திக்கிப் பேசிய பிரெஞ்சு மொழியில், வந்தவரை அழைத்துக் காட்டினார். தொடக்கத்திற் பலர் ஐயத்தோடு வந்தனர். குனிந்து நோக்கியவர் ஐயம் நீங்கி நிமிர்ந்தனர். அவ்வறிஞருட் தலைவராய் விளங்கிய முதுபெரும் பேராசிரியர் கொலிக்கர், அப்பொழுது எழுபத்திரண்டு வயதினர், வலைக்கொள்கையை ஏற்றிருந்தவர். அவர் கஹாலின் தகடுகளை ஆராய்ந்து பார்த்து, தம் கொள்கையை அங்கேயே கைவிட்டு, அவ்விளைஞரைத் தம் வண்டியில் ஏற்றித் தம் விடுதிக்கு அழைத்துச் சென்று மற்றை அறிஞருக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். முதுமையிலும் கண் கண்டதற்குத் தலைவணங்கிய கொலிக்கரின் பெருந்தன்மையைக் கஹால் என்றும் மறந்திலர்.

அதன்பின் புகழ் விரைந்து வந்தது. 1891 இல் வால்டயர் என்னும் ஜேர்மானியர், நரம்புக்கலத்திற்கு நியூரோன் என்ற பெயரை வழங்கினார்; கண்டவர் ஒருவர், பெயரிட்டவர் மற்றொருவர். 1892 இல் மட்றிட் சர்வகலாசாலை அவரை அழைத்தது. 1894 இல் இலண்டன் றோயற் கழகத்திற் குறூனியன் விரிவுரை ஆற்றினார். அப்பொழுது அவர் தங்கியிருந்த இல்லம் ஷெரிங்ரன் என்பாருடையது. ஒரு நரம்புக்கலம் மற்றொன்றை அணுகும் சந்திக்கு 1897 இற் சினாப்சு எனப் பெயர் வழங்கியவர் அந்த ஷெரிங்ரனே. ஸ்பெயின் அமெரிக்காவிடம் போரிற் தோல்வியுற்ற மறுவருடமாகிய 1899 இல், அமெரிக்கக் கிளார்க் சர்வகலாசாலை கஹாலை அழைத்துப் பெருமைப்படுத்தியது. நரம்பு மண்டலத்தைப் பற்றிய அவரது பெருநூல் 1899 முதல் 1904 வரை வெளிவந்தது. 1903 இல் ஒளிப்படத் தகட்டை உருத்துலக்கும் முறையையே நரம்பிழையத்திற் கையாண்டு, வெள்ளியைத் தாழ்த்தி நிறமூட்டும் வேறொரு புதுமுறையையும் வகுத்தார். காசநோய் நாட்களிற் பயின்ற கலை கால்நூற்றாண்டின் பின் கைகொடுத்தது.

1906 ஆம் ஆண்டு நோபெல் பரிசைக் கொல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளித்தனர். ஒரே துறையில் நெடுங்காலம் உழைத்த இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் கண்டது ஸ்ரொக்ஹோம் நகரிலேதான். பரிசின் பின் ஆற்றவேண்டிய விரிவுரையில் கொல்கி, தம்முடன் பரிசு பெற்றவரின் கொள்கையையே மறுத்துப் பேசினார். உலகமெங்கும் ஏற்கப்பட்ட முடிவு அழிந்துவரும் கொள்கையென்று அவர் கூறியது அவையினரைத் திடுக்கிடச் செய்தது. மறுநாள் பேசிய கஹால், முறையைக் கண்டவர்க்குரிய மதிப்பைக் கொல்கிக்கு அளித்து, தாம் கண்டவற்றை வரிசையாக எடுத்துரைத்து அமைந்தார். ஒரே தகடு, ஒரே வெள்ளி, இருவர் கண்டது இரண்டு. இதில் வியப்பில்லை. ஒளியைக் கொண்டியங்கும் நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டமாட்டாது. இருவர் வழக்கிட்ட இடைவெளியோ அதனினும் மிகக் குறுகியது. இருவரும் அதனைக் கண்டாரல்லர். கஹால் ஆயிரக்கணக்கான நுனிகளைக் கண்டு அதனை உய்த்துணர்ந்தார்.

அமைச்சர் பதவி வந்தபோது அதனை ஏற்காது விட்டார். இளைஞரைப் பிறநாடுகளுக்கு அனுப்பிக் கற்பிக்கும் சபையின் தலைமையை மட்டும் 1907 இல் ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். அவரிடங் கற்ற மாணவர் பலர்; தெல்யோ, அச்சூக்காறோ, தே காஸ்திறோ, லொறெந்தே தே நோ என்போர் புகழ் பெற்றனர். ஆயினும் ஒருவரிடத்து அவர் நேர்மையாக நடந்தாரெனக் கூறுதல் அரிது. மூளையில் நரம்புக்கலமல்லாத துணைக்கலங்களை ஆராய 1913 இற் கஹால் பொன்னுப்பைக் கொண்டு ஒரு முறை வகுத்தார். அம்முறையிற் தெளிவாகத் தோன்றாத ஒருவகைக் கலங்களை மூன்றாங்கூறு என வகுத்து விட்டுவிட்டார். ரீயோ ஓர்த்தேகா என்னும் இளைய ஆராய்ச்சியாளர் வெள்ளிக் காபனேற்று முறையொன்றை ஆக்கி, 1919 இல் அம்மூன்றாங்கூற்றை இருவகைக் கலங்களாகப் பிரித்துக் காட்டினார். முதியவர் முழுவதும் இசைந்தாரல்லர். மனக்கசப்பு முற்றி, 1920 இல் ஓர்த்தேகா ஆய்வுகூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பேர்லின் மண்டபத்திற் கொலிக்கர் கஹாலுக்குச் செய்ததைக் கஹால் ஓர்த்தேகாவிற்குச் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தந் தருவது.

1922 இற் பேராசிரியர் பதவியினின்று ஓய்வு பெற்றார். 1930 இல் மனைவியாரை இழந்தார். அதற்கு முன்னரே, 1926 இல் கொல்கி மறைந்திருந்தார். எனினும் வலைக்கொள்கை புதுப்புது வடிவங்களில் மீண்டும் தலைதூக்கிற்று. எண்பத்தொரு வயதினராய், காது மந்தமுற்று, நோயால் நலிந்திருந்த நிலையில், 1933 இல் நரம்புக்கலக் கொள்கைக்கு ஆதாரமான சான்றுகளையெல்லாந் தொகுத்து இறுதி நூலொன்றை வெளியிட்டார். 1934 ஆம் ஆண்டு ஒற்றோபர் 17 ஆந் திகதி மட்றிட் நகரிற் காலமானார்.

றுஸ்கா, நொல் என்னும் இருவர் 1931 இற் பேர்லினில் அமைத்த இலத்திரன் நுணுக்குக்காட்டி அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. நரம்பிழையத்தை அதற்கேற்பப் பதஞ்செய்ய மேலும் இருபதாண்டு சென்றது. இலத்திரன்கள் வெற்றிடத்திலன்றிச் செல்லா. வெற்றிடத்தில் ஈரப்பொருள் நில்லாது. ஆகவே இழையத்தை ஒசுமியத்தால் இறுக்கி, அற்ககோலால் நீர் நீக்கி, பிசினில் அமிழ்த்தி, கண்ணாடி விளிம்பால் மிக நுண்ணிய சீவல்களாக்கினர். 1950 களின் நடுப்பகுதியிற் சினாப்சின் படங்கள் கிடைத்தன. இரு கலங்களுக்கும் தனித்தனி மென்சவ்வு; இடையே ஏறக்குறைய 20 நனோமீற்றர் வெளி. ஒரு மில்லிமீற்றரை ஐம்பதினாயிரம் பங்காக்கின் அதில் ஒரு பங்கு. 1959 இல் கிறே என்பார் அழுக்கென இகழப்பட்ட முட்களும் மெய்யுருவே என நிறுவினார்.

ஆயினும் பழைய ஐயம் முற்றும் ஓய்ந்திலது. நீரை நீக்கிப் பிசினூட்டிய இழையம் உயிருள்ளபோது இருந்தவாறே இருக்குமோ? இதற்கு விடைதேட உதவியதே தொடக்கத்திற் கூறிய உறைத்துடைத்தல். 1957 இல் ஸ்ரியர் என்னும் அமெரிக்கர் வைரசுகளை ஆராயக் கையாண்ட அம்முறையை, மோர் என்பாரும் அவர் குழுவினரும் 1961 அளவிற் சூரிச் நகரிற் செப்பஞ் செய்தனர். பனிக்கட்டிப் பளிங்குகள் கலத்தைச் சிதையாவண்ணம் கிளிசரோல் ஊட்டிய இழையத்தை மிக விரைவாகக் குளிரூட்டி, சுழியத்தின்கீழ் 196 பாகை வெப்பநிலையுள்ள திரவ நைதரசனிற் பேணுவர். பின்பு வெற்றிடத்தினுள் குளிர்ந்த கத்தியால் உடைப்பர். உடைந்த முகத்தின்மேற் சாய்வாகப் பிளாற்றின ஆவியைப் படியவிட, மேடுகள் நிழல் பெற்றுத் தோன்றும். அதன்மேற் காபன் படலமிட்டு உறுதியாக்கி, அடியிலுள்ள இழையத்தை அமிலத்தாற் கரைத்துவிடுவர். எஞ்சும் அச்சையே நோக்குவர். பொருள் போய்விட்டது, அதன் முகம் மட்டும் உலோகத்தில் நிற்கின்றது. உடைப்பு மென்சவ்வின் இரு படைகளுக்கு நடுவே ஓடி அதனைப் பிளக்கின்றது என்பதை 1966 இற் பிரான்ரன் விளக்கியபின், சவ்வின் உள்முகத்திற் பதிந்த புரதங்களைப் புடைப்புக்களாக எண்ணவும் வழி பிறந்தது.

1979 இல் ஹொய்சர், றீஸ் முதலியோர் தவளையின் நரம்பும் தசையும் கூடுமிடத்தைத் திரவ ஈலியத்தாற் குளிர்ந்த செம்புக்கட்டியின்மேல் மோதச் செய்து, நரம்பு தூண்டப்பட்ட சில ஆயிரத்திலொரு செக்கனுக்குள் உறையவைத்தனர். உடைத்தெடுத்த அச்சில், நரம்பு நுனியின் சவ்வில் நுண்குமிழ்கள் வாய்திறந்து தம் இரசாயனத்தைச் சந்தியில் ஊற்றும் கணம் அகப்பட்டிருந்தது. அணுக்கத்தினாற் செய்தி செல்கின்றது என்று கஹால் துணிந்ததன் உட்பொறி அது.

எனினும் இவ்வழக்கிற் கொல்கிக்கும் ஒரு சிறு பங்கு எஞ்சியது. சில நரம்புக்கலங்களுக்கிடையே 2 முதல் 4 நனோமீற்றர் வரையுள்ள மிகக் குறுகிய சந்திகள் உண்டு. ஆங்கு மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நேரே பாய்கின்றது. உறைத்துடைத்த அச்சுக்களில் அவ்விடங்கள் நெருங்கப் பதித்த முத்துக்கள் போன்ற புடைப்புத் திரள்களாகத் தோன்றுகின்றன. அவையே இரு கலங்களையும் இணைக்கும் நுண்குழாய்கள். அங்கும் சவ்வுகள் இரண்டே, கலங்களும் இரண்டே. ஆயினும் வழி திறந்தே இருக்கின்றது. கஹால் கையாற் பதஞ்செய்த தகடுகளும் வரைந்த படங்களும் மட்றிட் நகரிற் பேணப்பட்டு, 2017 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. முத்துத் திரள்களின் படத்தைக் கொல்கி கண்டிருப்பின் சிறிது மகிழ்ந்திருப்பார். கஹாலோ படத்தை அப்பால் வைத்துவிட்டு, அவ்வச்சு எவ்வாறு எடுக்கப்பட்டது என்றே முதலில் வினவியிருப்பார்.